செஞ்சிக் கோட்டையும் அகன்ற கோண லென்ஸும்

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் - திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்ட இக்கோட்டை, தமிழ்நாட்டில் ஒளிப்படம் எடுப்பவர்கள் அதிகம் நாடிச்செல்லும் இடங்களில் ஒன்று. ஒரே சட்டகத்துக்குள் அடங்காத இடமும் இதுவே. ஃபிலிமில் இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு எந்த அகன்ற கோண லென்ஸைத் தேர்வது என்ற கேள்வி 1930 முதல் ஒளிப்பட உலகில் இருந்துவருகிறது. அந்தக் கேள்வியின் வரலாற்றையும், செஞ்சி போன்ற கோட்டையில் அதற்குக் கிடைக்கும் விடையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்டையின் அமைப்பு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகள் ஏறத்தாழ முக்கோண வடிவில் நிற்கின்றன. இவற்றை இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். மூன்றில் உயரமான ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம் கொண்டது. அதன் உச்சிக்குச் செல்லும் வழியில் ஆழமான பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் போடப்பட்ட பாலத்தைக் கடந்தே மேற்கோட்டைக்குள் நுழைய முடியும்.

கோனார் மரபினர், விஜயநகரப் பேரரசு, செஞ்சி நாயக்கர், பிஜப்பூர் சுல்தானகம், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல கைகளுக்குக் கோட்டை மாறியது. சிவாஜி 1677இல் இதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கிருந்தபோது முகலாயப் படை இட்ட முற்றுகை 1690 முதல் 1698 வரை நீடித்தது. பிரெஞ்சுக்காரர் 1750இலும் ஆங்கிலேயர் 1761இலும் கோட்டையைப் பிடித்தனர். 2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலவெளிகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே.

ஒளிப்படக்காரரின் நோக்கில் செஞ்சி இருவகை இடங்களால் ஆனது. குன்றுகள், மதில்கள், அகழி, வயல்கள் ஆகியவை பரந்தும் தொலைவிலும் உள்ளவை. கல்யாண மகால், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் மண்டபம், வாயில்களின் வளைவுப்பாதைகள் ஆகியவை அருகிலும் அடைபட்டும் உள்ளவை. இவ்விரண்டுக்கும் ஒரே லென்ஸ் பொருந்துவதில்லை.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு முன்

பெரிய கட்டடங்களை முழுமையாகப் படத்துக்குள் கொண்டுவருவது ஒளிப்படக் கலையின் தொடக்கம் முதலே சிக்கலாக இருந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தார். அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை மலைக்கோட்டையும் அவர் படமாக்கிய இடங்களில் ஒன்று. அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டு வரிகளை ஒரே படத்தில் காட்ட அவரிடம் வழி இல்லை. எனவே கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்தார். 21 படங்களை ஒட்டி உருவாக்கிய அந்தப் பரந்த காட்சியின் நீளம் 18 அடிக்கும் மேல். அகன்ற கோண லென்ஸ் இல்லாத இடத்தில் நடையும் பசையும் அதன் வேலையைச் செய்தன.

அக்காலப் பெரிய கேமராக்களில் ஒரு வசதி உண்டு. லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். கேமராவைச் சாய்க்காமலே கோபுரத்தின் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவரலாம் என்பதால் சுவர்களின் செங்குத்துக் கோடுகள் நேராகவே நிற்கும். அகன்ற கோண லென்ஸ்களும் மெல்ல வந்தன. 1900இல் ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஹைப்பர்கான், 130 பாகைக்கும் அதிகமான கோணத்தைக் காட்டியது. ஆனால் படத்தின் நடுவில் ஒளி மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் விழுந்தது. அதைச் சரிசெய்ய லென்ஸின் முன் விண்மீன் வடிவத் தகடு ஒன்று காற்றால் சுழற்றப்பட்டது. இவை அனைத்துக்கும் முக்காலியும் சுமையாட்களும் பொறுமையும் தேவைப்பட்டன.

லைக்காவும் மாற்றக்கூடிய லென்ஸும்

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், திரைப்பட ஃபிலிமைப் பயன்படுத்தும் சிறு கேமராவை உருவாக்கினார். அது 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. படத்தின் அளவு 24 மி.மீ.க்கு 36 மி.மீ. லென்ஸின் குவியத்தொலைவு 50 மி.மீ. அந்த லென்ஸைக் கழற்ற முடியாது.

1930இல் லென்ஸ் மாற்றக்கூடிய லைக்கா வந்தது. அதனுடன் 35 மி.மீ. எல்மார் லென்ஸும் வந்தது. சிறு கேமராவுக்கான அகன்ற கோண லென்ஸின் வரலாறு இங்கு தொடங்குகிறது. 1932இல் வெளியான இரண்டாம் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள்ளேயே பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் போட்டி நிறுவனமான ட்ஸைஸ் ஐக்கான், கான்டாக்ஸ் கேமராவை வெளியிட்டது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது தொலைவை அளக்கும் அமைப்பு. கேமராவின் முன்புறம் சற்றே விலகி அமைந்த இரு சாளரங்கள் ஒரே பொருளை இரு கோணங்களில் பார்க்கின்றன. இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் கூர்மை சரியாக அமைகிறது. பார்ப்பவரின் கண் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. கேமராவின் மேல்மூலையில் உள்ள தனிச் சாளரம் வழியே பார்க்கிறது. இந்த ஒரு பண்பே அகன்ற கோண லென்ஸ் விஷயத்தில் ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பெரும் நன்மையாகவும் பெரும் தொல்லையாகவும் ஆனது.

நன்மை

கண் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை என்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குள் ஆடி தேவையில்லை. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையில் ஷட்டரைத் தவிர வேறெதுவும் இல்லை. எனவே லென்ஸின் பின்பகுதி ஃபிலிமை நெருங்கி நிற்கலாம். முன்பாதியும் பின்பாதியும் ஏறத்தாழ ஒத்த வடிவில் அமைந்த சமச்சீர் லென்ஸை வடிவமைக்க இது இடம் தந்தது. சமச்சீர் அமைப்பில் நேர்கோடுகள் வளைவது மிகக் குறையும். மதிலும் தூணும் கூரைவிளிம்பும் நேராகவே பதியும்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஆடி மேலெழும்ப இடம் வேண்டும். அதற்காக லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளி வைக்கும் தனி வடிவமைப்பு தேவைப்பட்டது. பிரான்சின் ஆஞ்சனியே நிறுவனம் 1950இல் அத்தகைய 35 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. 1959இல் நிக்கான் எஃப் கேமரா வந்தபோது அதற்கான 21 மி.மீ. லென்ஸைப் பொருத்த ஆடியை மேலே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அந்த லென்ஸுடன் படமெடுப்பவர் தனி வியூஃபைண்டர் வழியேதான் பார்க்க முடிந்தது.

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ்கள் படிப்படியாக அகன்றன. லைட்ஸ் 1935இல் 28 மி.மீ. ஹெக்டாரை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டலே ட்ஸைஸுக்காக 1930களில் 35 மி.மீ. பியோகானை வடிவமைத்தார். சோவியத் நாட்டின் ஜூபிட்டர்-12 அதன் வழிவந்தது. சோவியத் அறிஞர் மிகயீல் ருசினோவ் வான்வழி நில அளவைக்காக உருவாக்கிய அகன்ற கோண லென்ஸ்களின் மரபில் 20 மி.மீ. ருசார் தோன்றியது. பெர்ட்டலே 1950களின் தொடக்கத்தில் 21 மி.மீ. பியோகானை உருவாக்கினார். லைக்காவுக்கான 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் 1958இல் வந்தது. 1999இல் ஜப்பானின் கொசினா நிறுவனம் ஃபாய்க்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மானியப் பெயரில் 15 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. அதன்பின் மிக அகன்ற லென்ஸ் எளியவர்களின் கைக்கும் எட்டத் தொடங்கியது.

தொல்லை

கண் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை என்பதால் லென்ஸை மாற்றினாலும் வியூஃபைண்டரில் தெரியும் காட்சி மாறுவதில்லை. திருகு மறை கொண்ட பழைய லைக்காக்களின் வியூஃபைண்டர் 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டுமே பொருந்தியது. 35 அல்லது 28 மி.மீ. லென்ஸ் வாங்கியவர் கேமராவின் தலைமேல் பொருத்தும் தனி வியூஃபைண்டரையும் வாங்கினார். ஒரு சாளரத்தில் தொலைவை அளந்து, மற்றொரு சாளரத்தில் சட்டகத்தைப் பார்த்து, பின்னர் படமெடுக்க வேண்டும்.

1954இல் வந்த லைக்கா எம்3, வியூஃபைண்டருக்குள்ளேயே ஒளிரும் சட்டகக் கோடுகளைக் காட்டியது. ஆனால் அவை 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு உரியவை. 35 மி.மீ. லென்ஸுக்கான கோடு சில ஆண்டுகள் கழித்து எம்2 கேமராவில் வந்தது. 28 மி.மீ. லென்ஸுக்கான கோடு எம் வரிசையில் இடம்பெற 1980களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21 மி.மீ. லென்ஸுக்குத் தனி வியூஃபைண்டர் இன்றும் வழக்கத்தில் உள்ளது.

இதனால் ரேஞ்ச்ஃபைண்டருக்கு லென்ஸ் தேர்பவர் மூன்றை ஒருசேரத் தேர்கிறார்: எவ்வளவு அகலம் பதியும், அதை எந்தச் சாளரத்தில் பார்ப்பது, படமெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும். எழுபது ஆண்டுகளாக 35 மி.மீ. லென்ஸ் இக்கேமராக்களின் முதல் அகன்ற கோண லென்ஸாக நிலைத்திருப்பதற்கு அதன் கோணத்தைப் போலவே இந்த வசதியும் காரணம். அதற்கான கோடு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது.

அகலம் கூடக் கூட ஓரங்களில் ஒளி குறையும் என்பது மற்றொரு தொல்லை. எளிய ஒளியியல் கணக்குப்படி 21 மி.மீ. லென்ஸில் மூலைகளுக்குச் சேரும் ஒளி நடுவில் உள்ளதில் ஏறத்தாழ கால் பங்கு. 15 மி.மீ. லென்ஸில் பத்தில் ஒரு பங்கு. நல்ல வடிவமைப்புகள் இதைக் குறைத்தன. முற்றிலும் நீக்கவில்லை. செஞ்சியின் வானம் இத்தகைய படங்களில் மூலைகளில் கருத்துத் தெரிவதற்கு இதுவே காரணம்.

1950: திருவண்ணாமலையும் புதுச்சேரியும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் வரலாற்றில் செஞ்சி வட்டாரத்துக்கு நெருங்கிய தொடர்புடைய நிகழ்வு 1950 ஏப்ரலில் நடந்தது. மாக்னம் ஒளிப்பட நிறுவனத்தை 1947இல் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரசோன், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47 மணியளவில் ரமணர் மறைந்தபோது அவர் அங்கேயே தங்கியிருந்தார். அதே மாதத்தில் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். திண்டிவனம் வழியாக இவ்விரு ஊர்களையும் இணைக்கும் சாலையில் நடுவே இருப்பது செஞ்சி.

கார்த்தியே-பிரசோன் 1932 முதல் லைக்காவைப் பயன்படுத்தியவர். அவர் பெரும்பாலும் நம்பியது 50 மி.மீ. லென்ஸை. சில வேளைகளில் மட்டும் 35 மி.மீ. லென்ஸை மாட்டினார். அகன்ற கோண லென்ஸ்கள் சந்தையில் இருந்த காலத்தில், இடநெருக்கடி மிகுந்த ஆசிரமக் கூடங்களிலும் தெருக்களிலும் பணியாற்றிய ஒருவரின் தேர்வு இது. அவருடைய கேமராவின் வியூஃபைண்டர் அந்த லென்ஸுக்கே உரியது என்பதால் கண்ணும் கையும் ஒன்றாக இயங்கின. மனித முகத்தையும் உடலின் அசைவையும் அதன் இயல்பான அளவில் காட்ட அந்தக் கோணம் போதுமானதாக இருந்தது.

இத்தேர்வைக் கோட்டைக்கு அப்படியே பொருத்த முடியாது. மனிதர்களைப் படமெடுப்பவர் ஓரடி பின்னால் நகரலாம். களஞ்சியத்தின் சுவருக்குப் பின்னால் எவராலும் நகர முடியாது.

குன்றுக்கு எந்த லென்ஸ்

பெரிய பொருளுக்கு அகன்ற லென்ஸ் என்பது பொதுவான நம்பிக்கை. செஞ்சியில் எளிய கணக்கு அதைப் பொய்யாக்குகிறது.

240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியை ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து படமெடுப்பதாகக் கொள்ளலாம். ஃபிலிம் சட்டகத்தின் உயரம் 24 மி.மீ. அதில் குன்றின் பிம்பம் 50 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. உயரம் இருக்கும். சட்டகத்தில் அது சரிபாதி. 35 மி.மீ. லென்ஸில் 8.4 மி.மீ. 28 மி.மீ. லென்ஸில் 6.7 மி.மீ. 21 மி.மீ. லென்ஸில் 5 மி.மீ. மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு குன்று, மீதி வானமும் தரையும். 90 மி.மீ. லென்ஸில் குன்றின் உயரம் 21 மி.மீ.க்கும் அதிகமாகி ஏறத்தாழச் சட்டகம் முழுவதையும் நிரப்பும்.

எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய குன்று 21 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தில் சிறு மேடுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுவே. குன்றின் உயரத்தைக் காட்ட விரும்புபவர் விலகி நின்று 50 மி.மீ. அல்லது அதைவிட நீண்ட லென்ஸைப் பயன்படுத்துவதே பொருந்தும்.

குன்றின் முன்னால் ஒருவரை நிறுத்திப் படமெடுக்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 21 மி.மீ. லென்ஸிலிருந்து 2 மீட்டர் தொலைவில் நிற்கிறார் என்றால் அவருடைய பிம்பம் சுமார் 17 மி.மீ. பின்னால் ஒரு கிலோமீட்டரில் உள்ள ராஜகிரி 5 மி.மீ. மனிதர் குன்றைவிட மூன்று மடங்குக்கு மேல் உயரமாகிவிடுகிறார். அதே மனிதரை அதே அளவில் 50 மி.மீ. லென்ஸில் பதிக்க அவரிடமிருந்து ஏறத்தாழ 4.8 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். அப்போது குன்றின் பிம்பம் 12 மி.மீ. ஆகிறது.

இந்த மாற்றத்தை லென்ஸின் கண்ணாடி உண்டாக்கவில்லை. ஒளிப்படக்காரர் நிற்கும் இடம் உண்டாக்கியது. பொருள்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நிற்குமிடம் மட்டுமே. அகன்ற லென்ஸ் நெருங்கி நிற்க இடம் கொடுக்கிறது. நெருங்கியவுடன் அருகில் இருப்பது பெரிதாகிறது, தொலைவில் இருப்பது சிறிதாகிறது.

மகாலுக்கு எந்த லென்ஸ்

கல்யாண மகாலில் நிலைமை தலைகீழானது. சதுர முற்றத்தைச் சுற்றி வளைவுகளுடன் கூடிய அறைகள் உள்ளன. நடுவில் கூம்புக் கூரையுடன் சுமார் 80 அடி உயரமுள்ள பல நிலைக் கோபுரம் நிற்கிறது.

கேமராவைச் சாய்க்காமல், செங்குத்தாகப் பிடித்து, கோபுரத்தின் உச்சிவரை படமெடுக்க எவ்வளவு தொலைவு தேவை என்று கணக்கிடலாம். கண் மட்டத்துக்கு மேல் 23 மீட்டர் உயரம் பதிய வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 64 மீட்டர் பின்னால் செல்ல வேண்டும். 35 மி.மீ. லென்ஸுக்கு 45 மீட்டர். 28 மி.மீ. லென்ஸுக்கு 36 மீட்டர். 21 மி.மீ. லென்ஸுக்கு 27 மீட்டர். சுற்றறைகள் சூழ்ந்த முற்றத்துக்குள் 64 மீட்டர் பின்வாங்க இடம் இல்லை.

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் குறுகிய தொலைவிலும் உச்சி பதியும். ஆனால் இணையான சுவர்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கி, கோபுரம் பின்புறமாகச் சரிவதுபோலத் தோன்றும். கூம்புக் கூரையுள்ள கட்டடத்தில் இது கூடுதல் குழப்பம் தரும். எது கட்டடத்தின் சரிவு, எது கேமராவின் சரிவு என்று படத்தைப் பார்ப்பவர் பிரித்தறிய முடியாது.

டிரைப் காலத்துக் கேமராவில் முன்பலகையை உயர்த்தினால் போதும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த வசதி இல்லை. அதற்கு ஈடான வழி ஒன்று உண்டு. மிக அகன்ற லென்ஸை மாட்டி, கேமராவை மட்டமாகப் பிடித்துப் படமெடுத்து, பிரதி எடுக்கும்போது கீழ்ப்பாதியில் உள்ள வெற்றுத் தரையை வெட்டிவிடலாம். இருட்டறையில் செய்யும் இந்த வெட்டு, முன்பலகையை உயர்த்தியதற்குச் சமம். 21 மி.மீ. லென்ஸின் மேலே நீர்மட்டக் குமிழியுடன் கூடிய வியூஃபைண்டரைப் பொருத்துபவர்கள் இதற்காகவே அவ்வாறு செய்கின்றனர்.

களஞ்சியங்களின் உட்புறத்துக்கும் அகன்ற லென்ஸே வேண்டும். அங்கு இருளும் சேர்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி தேவை. கையில் பிடித்தே எடுக்க வேண்டிய நிலையில், அதிக ஒளியை அனுமதிக்கும் 35 மி.மீ. எஃப் 2 லென்ஸ், குறைந்த ஒளியையே விடும் பழைய 28 மி.மீ. எஃப் 6.3 லென்ஸைவிடப் பயனுள்ளதாக அமையும். அகலத்துக்கும் ஒளிக்கும் இடையிலான இந்தப் பேரம் 1930களிலேயே தொடங்கியது.

கூர்மையும் வெயிலும்

அகன்ற லென்ஸின் மற்றொரு பண்பு அதன் கூர்மைப் பரப்பு. எஃப் 8 துளையில் 50 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ 10 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 5 மீட்டர் முதல் அடிவானம் வரை கூர்மையாகும். 35 மி.மீ. லென்ஸில் 2.5 மீட்டர் முதல், 28 மி.மீ. லென்ஸில் 1.6 மீட்டர் முதல், 21 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டருக்கும் குறைவிலிருந்தே கூர்மை தொடங்கும். செஞ்சியின் பகல் வெயிலில் எஃப் 8 எளிதில் கிடைக்கும் துளை. எனவே 21 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்துபவர் ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டைப் பிம்பத்தைப் பார்க்கவே தேவையில்லை. வளையத்தை ஒருமுறை நிறுத்திவிட்டுப் படியேறலாம். முன்னால் உள்ள பீரங்கியும் பின்னால் உள்ள கிருஷ்ணகிரியும் ஒருசேரத் தெளியும்.

வெயிலுக்கு மற்றொரு முகமும் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் ஆடி இல்லாததால் லென்ஸ் குவிக்கும் சூரிய ஒளி நேராக ஷட்டரின்மேல் விழுகிறது. லைக்கா முதலிய பல கேமராக்களின் ஷட்டர் துணியால் ஆனது. மூடி போடாத கேமரா சூரியனை நோக்கிச் சிறிது நேரம் இருந்தாலே துணியில் ஊசித்துளை எரிந்துவிடக்கூடும். அதன்பின் எடுக்கும் படங்களில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். கூர்மையை அடிவானத்தில் நிறுத்திவிட்டு ராஜகிரியின் படிகளில் ஏறுபவருக்கு லென்ஸ் மூடி அவசியம். மூடியைக் கழற்ற மறந்தாலும் ரேஞ்ச்ஃபைண்டரின் சாளரத்தில் அது தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் லென்ஸும் ஃபிலிமும்

விடுதலைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இந்தியாவுக்குள் கேமராவும் லென்ஸும் வருவது இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. லென்ஸைத் தேர்வதைவிடக் கிடைப்பதை வாங்குவதே பெரும்பாலானவர்களின் நிலையாக இருந்தது. யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களில் 45 மி.மீ. லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்ற முடியாது. அத்தகைய கேமராவுடன் செஞ்சிக்குச் சென்றவருக்குக் குன்று கிடைத்தது, மகால் பாதிதான் கிடைத்தது.

ஃபிலிம் உற்பத்திக்காக ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ஃபிலிம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பரவலாகப் புழங்கியது. டிஜிட்டல் கேமராக்களின் வருகைக்குப்பின் அதன் உற்பத்தி நின்றுபோனது. உலகளவில் ஃபிலிம் கேமராக்கள் மீதான ஆர்வம் மீண்டும் எழுந்ததால், லைக்கா நிறுவனம் 2022இல் எம்6 ஃபிலிம் கேமராவை மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

படமும் சான்றும்

செஞ்சியைப் பற்றிய ஆய்வுகளில் ஒளிப்படத்துக்கு முக்கிய இடம் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் கட்டடங்களையும் கறுப்பு-வெள்ளைப் படங்களாக ஆவணப்படுத்தியது. அங்கு உள்ள தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் செஞ்சியின் அரண்களைக் குறித்து எழுதிய நூலின் ஆங்கில வடிவம் 2005இல் வெளிவந்தது. அளந்து வரைந்த வரைபடங்களும் ஒளிப்படங்களும் அதில் ஒன்றையொன்று துணைகொள்கின்றன.

படத்தை மட்டும் பார்த்து மதிலின் உயரத்தையோ முற்றத்தின் அகலத்தையோ முடிவுசெய்ய முடியாது என்பதே அத்தகைய ஆய்வுமுறை கற்பிக்கும் பாடம். 21 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தில் சிறு முற்றம் மைதானமாகத் தெரியும். உயர்ந்த குன்று தாழ்ந்து தெரியும். நீண்ட லென்ஸில் எடுத்த படத்தில் விலகி நிற்கும் குன்றுகள் அடுத்தடுத்து ஒட்டி நிற்பதாகத் தெரியும். இவற்றில் எதுவும் பொய்ப்படம் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் நின்று பார்த்த உண்மை. எந்த இடத்தில் நின்று, எந்த லென்ஸில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உடன் இருந்தால்தான் பின்னால் வருபவர் அதைச் சான்றாகப் பயன்படுத்த முடியும். நெகட்டிவ் உறையின்மேல் லென்ஸ், இடம், நாள் ஆகியவற்றை எழுதிவைப்பதற்கு இதுவே காரணம்.

செஞ்சிக்கு ஒரு ரேஞ்ச்ஃபைண்டரையும் இரு லென்ஸ்களையும் கொண்டு செல்பவருக்கு இந்த வரலாறு தரும் விடை எளிது. குன்றுகளுக்கும் மதில்களுக்கும் 50 மி.மீ., மகாலுக்கும் களஞ்சியத்துக்கும் 21 அல்லது 28 மி.மீ. பொருந்தும். ஒரே லென்ஸுடன் செல்பவருக்கு 35 மி.மீ. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக அமையும். அகன்ற கோண லென்ஸ் பெரியதைக் காட்டப் பிறந்ததல்ல. பின்வாங்க இடமில்லாத இடத்தில் அருகில் இருப்பதைக் காட்டப் பிறந்தது.